சர்வருக்கு ஒரு ஞானத்தாய்

நாலாம் ஜன்னலின் வரிசை மாடிப்படி வரைக்கும் போயிருந்தது. மணி இன்னும் எட்டுகூட ஆகவில்லை. கண்ணாடிக்கு உள்ளே ஓர்ஃபெலிந்தா கன்னத்தில் கை வைத்தபடி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்லாயோ நகரத்து அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை எடுத்துக் கொடுக்கும் ஜன்னல் அது. படம் கேட்டு வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அங்கே தினமும் நடப்பது இதுதான்.

வரிசையில் முதலாவதாக நின்றவள் சொயிலா. பக்கத்து ஊரான மோன்செஃபுவிலிருந்து வருகிறவள்; அங்கே பூச்செடி வைத்து, பூ விற்றுப் பிழைப்பு. வெட்டிய கார்னேஷன் காம்பின் பச்சைக் கறை விரல் நகங்களில் அப்படியே இருந்தது. அவள் புருஷன் அசுன்சியோன் சுவரோரப் பெஞ்சில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான்.

"என்னா தாயி, இன்னும் வரலையா?" என்று கேட்டாள் சொயிலா.

"சுத்துதும்மா. பாக்குறீங்கல்ல?"

"பாக்குறேன், பாக்குறேன். போன வாட்டியும் இதான் சுத்துச்சு. அதுக்கு முந்துன வாட்டியும் இதான். ராட்டினத்துலயாவது நாலு சுத்து முடிஞ்சா எறக்கி விட்ருவான்."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இருட்டோடு பஸ் பிடித்து வந்தவர்கள் அவர்கள்.

அப்போதுதான் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு மரிலூ வந்தாள். மரிலூ யொந்தோப் அந்த ஆஸ்பத்திரியின் ஒரே கணினித் தொழில்நுட்ப ஊழியர். எட்டு வருஷ வேலை, ஆனால் நிரந்தரமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். வேலையில் மட்டும் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

"கோவிச்சுக்காதீங்கம்மா," என்றாள் சொயிலாவிடம். "உள்ள, படமெல்லாம் சேத்து வெச்சிருக்கற சர்வர்ல இருக்கற டிஸ்க் எல்லாம் பழசு. ஒரு தட்டு சுத்தும், அதுமேல ஒரு ஊசி ஓடி ஓடிப் படிக்கும். உங்க வீட்டுக்காரர் நெஞ்சு ஸ்கேன்ல மட்டும் எழுநூறு படம் இருக்கு. அந்த எழுநூறும் தட்டுல அங்கங்க சிதறிக் கெடக்கு. ஊசி ஒவ்வொண்ணா தேடிப் போய் எடுக்கணும். அதே ஊசிதான் இந்த வரிசைல நிக்கற எல்லாருக்கும் ஓடணும்."

"அதுக்கு என்ன பண்ணலாம்கறே?"

"சுத்தாத டிஸ்க் வந்திருக்கும்மா. தட்டும் இல்ல, ஊசியும் இல்ல. கேட்டதும் குடுத்துடும். மூணு தடவ எழுதிக் குடுத்திருக்கேன். இந்தத் தடவ கையெழுத்தாயிடுச்சு. ரெண்டு மாசத்துல வந்துரும். நான் சொல்றேன்ல?"

சொயிலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ சொன்னா நம்புறேன். உன் மூஞ்சியப் பாத்தா பொய் சொல்றவ மாதிரி தெரியல."

இரண்டு மாதத்தில் டிஸ்க் பெட்டிகள் வந்தன. கொண்டுவந்தவன் பிஸ்மார்க் ஃபார்ரொன்யான். சந்தைக்குப் பின்னால் கணினிக் கடைகள் நெருக்கியடிக்கும் கட்டடத்தில் அவனுக்கு மூன்று கடை. வாசனை பூசிக்கொண்டு வருவான். எல்லாப் பெண்களும் அவனுக்கு ராணிகள்தான். அவன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் நிர்வாக அதிகாரி ஒலசாபல் தன் அறையிலிருந்து எழுந்து வந்து கை கொடுப்பார். நோயாளி மயங்கி விழுந்தால்கூட எழுந்து வராதவர் அவர்.

அன்று மத்தியானம் ஒலசாபல் மரிலூவைக் கூப்பிட்டார். மேஜையில் பொருள் ஏற்புச் சான்று இருந்தது. வந்த சாமான் கேட்டபடியே இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது என்று தொழில்நுட்ப ஊழியர் கையெழுத்துப் போட்டால்தான் பிஸ்மார்க்குக்குக் காசோலை போகும். மரிலூ படித்தாள். பாதியில் அவள் விரல் நின்றது. "அசையும் பாகம் இல்லாத சேமிப்புக் கருவி" என்றுதான் அவள் எழுதியிருந்தாள். காகிதத்தில் "நொடிக்கு ஆறு கிகாபிட் புதிய இணைப்பு கொண்ட சேமிப்புக் கருவி" என்று இருந்தது.

"சார், இந்த வரிய மாத்தியிருக்காங்களே."

"மாத்தலம்மா, மேம்படுத்தியிருக்கோம். பழையது மூணு. இது ஆறு. ரெண்டு மடங்கு. பெட்டிலயே போட்டிருக்கான் பாரு, கொட்டை எழுத்துல!"

"ஆறுங்கறது கம்பியோட வேகம் சார். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல இருக்கற வழி. உள்ள இருக்கறது அதே சுத்தற தட்டுதானே?"

பிஸ்மார்க் சோபாவில் சாய்ந்தபடியே சிரித்தான். "ராணி, நீங்க படிச்சவங்க, நான் கடைக்காரன். ஆனா ஒண்ணு சொல்றேன், இப்ப லிமாவுல எல்லாருமே ஆறுதான் போடறாங்க. நம்ம ஊரு மட்டும் மூணுலயே கெடக்கணுமா?"

ஒலசாபல் குரலைத் தணித்துக்கொண்டார். "மரிலூ, எட்டு வருஷமா நாய்படாத பாடு படறே. யாராவது உன்னை ஒரு மேடைல ஏத்தியிருக்காங்களா? புது டிஸ்க் போட்ட சர்வருக்குத் திறப்பு விழா வெக்கிறோம். டைரக்டர் வர்றாரு, பங்குச் சாமியார் வர்றாரு. ஞானத்தாயா உன்னைத்தான் போட்டிருக்கேன். டைரக்டர் சம்சாரத்தையே போட்டிருக்கலாம். உன்னைப் போட்டிருக்கேன். அப்புறம் உன் ஒப்பந்தம்... இந்தத் தடவ ஒரு வருஷத்துக்கு எழுதச் சொல்லியிருக்கேன்."

அந்த ஊரில் எதைத் திறந்தாலும் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் வேண்டும். ரொட்டிக் கடையானாலும் சரி, புது லாரியானாலும் சரி. ரிப்பன் கட்டிய புட்டியைச் சின்னச் சுத்தியலால் உடைத்துவிட்டால், அன்றிலிருந்து அது அவர்கள் பிள்ளை. தன் பிள்ளையை எவரும் ஊர் நடுவே குறை சொல்ல மாட்டார்கள். லஞ்சம் என்றால் உறையில் வைத்துக் கொடுப்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரியாதையாகவும் கொடுப்பார்கள். அதை வாங்கினது வாங்கினவருக்கே தெரியாது.

மரிலூ தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆறு என்றாலும் முன்னைவிட மேல்தானே? டிஸ்க்குகளாவது புதியவை. கொஞ்சமாவது வேகம் கூடாதா? கூடாது என்று அவளுக்குத் தெரியும். பழைய கம்பியையே பாதிகூட நிரப்ப முடியாத தட்டுக்கு இரண்டு மடங்கு கம்பி எதற்கு? தெரிந்தே பேனாவை எடுத்தாள், தெரிந்தே கையெழுத்துப் போட்டாள்.

விழா தடபுடலாக நடந்தது. சர்வர் அறைக் கதவில் வெள்ளை, சிவப்பு ரிப்பன். தாரை தப்பட்டைக்குப் பதில் ஆஸ்பத்திரி ஊழியர் சங்கத்து பேண்டு. சாமியார் தீர்த்தத்தைத் தெளிக்கத் தெளிக்க, மரிலூ ஒரு ஃபைல் அட்டையை விரித்து சர்வரின் காற்றுத் துவாரத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் அதை பக்தி என்று நினைத்தார்கள். புது உடுப்பு, தலையில் பூ, கையில் ரிப்பன் கட்டிய சுத்தியல். அவள் புட்டியை உடைத்ததும் கைதட்டல்.

பிறகு பிஸ்மார்க் செய்முறை காட்டினான். பெரிய திரையில் ஆஸ்பத்திரி மென்பொருள். அதில் 'சோதனை நோயாளி' என்று ஒரு பெயர் உண்டு. எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு பொய் நோயாளி இருப்பார். புதிதாக எதைப் போட்டாலும் அவரை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். இந்த ஆஸ்பத்திரியின் சோதனை நோயாளிக்கு இருந்தது ஒரே ஒரு படம், ஒரு இடது கை எக்ஸ்ரே. மரிலூவின் கைதான் அது. எட்டு வருஷத்துக்கு முன் ஆட்டோ மாதிரியான மோட்டோ வண்டிக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டபோது எடுத்தது. வேறு படம் கைக்குக் கிடைக்காததால் அவளேதான் அதை உள்ளே போட்டு வைத்திருந்தாள்.

பிஸ்மார்க் சொடுக்கினான். கண் இமைப்பதற்குள் கை வந்து நின்றது. ஓரத்திலிருந்த வேகமானி நொடிக்கு ஐந்நூற்றுச் சொச்சம் மெகாபைட் என்று காட்டியது.

"அடேயப்பா!" என்றார் டைரக்டர்.

"இன்னொரு தடவ பாருங்க டாக்டர்," என்று மறுபடி சொடுக்கினான். மறுபடி வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

மரிலூவின் முகம் சுருங்கியது. விழாவுக்கு முன்னாலேயே ஆளில்லாத நேரத்தில் அவன் அந்தப் படத்தை ஒருமுறை திறந்து வைத்திருக்கிறான். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு துளி நினைவுச் சில்லு இருக்கும். கடைசியாக எடுத்த சின்ன விஷயத்தை அது கையிலேயே வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு கைப் படம் அதில் தாராளமாக அடங்கும். ஊசி அசையவில்லை, தட்டைத் தொடவே இல்லை. புதுக் கம்பியின் வேகம் மட்டும்தான் திரையில் தெரிந்தது. எழுநூறு படம் உள்ள நெஞ்சை அவன் திறந்து காட்டவில்லை, ஞானத்தாயும் கேட்கவில்லை. அவளுக்கு வாத்துக்கறிச் சோறு பரிமாறினார்கள். அவள் சாப்பிட்டாள்.

மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை டாக்டர் புர்கா வந்தார். தலைநகரான லிமாவில் நுரையீரல் அறுவைசிகிச்சை செய்கிற அம்மாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு நாள் சிக்லாயோவுக்கு வருவார். ஒரு மணிக்குள் நோயாளிகளைப் பார்த்து, லிமாவில் அறுவைசிகிச்சைக்கு யார் யார் என்று பட்டியல் போட்டுவிட்டு அடுத்த ஊரான பியுராவுக்கு வண்டி ஏறிவிடுவார். அன்றைய பட்டியலில் பெயர் ஏறாதவர் அடுத்த இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதுதான். நுரையீரலில் வளர்வது ஒன்றும் அதுவரை காத்திருக்காது.

அசுன்சியோனின் நெஞ்சில் ஒரு நிழல் இருந்தது. போன வருஷ ஸ்கேனையும் இந்த வருஷ ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வளர்ந்திருந்தால் லிமா. வளரவில்லையென்றால் மாத்திரை. டாக்டர் பதினொன்றரைக்கு இரண்டையும் கேட்டார். திரையில் வட்டம் வந்தது.

பதினொன்றே முக்கால், பன்னிரண்டு. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நடுவில் மூன்று படம் வந்தது, மறுபடியும் வட்டம். டாக்டர் புர்கா பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல.

"இதென்ன கொடுமை? போன தடவையை விட மோசமா இருக்கே! புதுசு போட்டாச்சுன்னு சொன்னாங்க? அடுத்த ஆளை அனுப்பு. இவருக்கு அடுத்த வரவுல பாத்துக்கலாம்."

சொயிலா நேரே நாலாம் ஜன்னலுக்கு வந்தாள். வரிசையை விலக்கிக்கொண்டு வந்து கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். உள்ளே ஓர்ஃபெலிந்தாவோடு மரிலூவும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏ பொண்ணே! ரெண்டு மாசம்னே. ரெண்டு மாசமும் ஆச்சு, அதுக்கு மேலயும் ஆச்சு. பேண்டு வாசிச்சீங்களாம், தீர்த்தம் தெளிச்சீங்களாம், புட்டி ஒடச்சீங்களாம்! எங்க ஊர்ல இருந்துதான் பூ வந்துச்சு, நான்தான் கட்டிக் குடுத்தேன். என் புருஷன் செத்தா அதுக்கும் நானேதான் பூ கட்டணும். அப்பவும் இதே வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்குமா?"

முந்தையதைவிட மோசம் என்று டாக்டர் சொன்னதாக ஓர்ஃபெலிந்தா மரிலூவின் காதில் சொன்னாள். அதெப்படி மோசமாகும்? வேகம் கூடாது என்று தெரியும். குறையுமா?

சர்வர் அறைக்கு ஓடினாள். மேல்தட்டில் மாற்று டிஸ்க் ஒன்று உறை பிரிக்காமல் இருந்தது. பெட்டி முகப்பில் கொட்டை எழுத்தில் 6. பிரித்து, டிஸ்க்கைத் திருப்பி, அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். நிமிடத்துக்கு ஐயாயிரத்து நானூறு சுற்று. பழைய டிஸ்க்குகள் ஏழாயிரத்து இருநூறு சுற்றின. வீட்டில் பாட்டும் கல்யாணப் படமும் போட்டு வைக்கிற மலிவு டிஸ்க்கை ஆஸ்பத்திரித் தலையில் கட்டியிருக்கிறான். வழியை இரண்டு மடங்கு அகலமாக்கிவிட்டு, அதில் ஓடுகிறவனின் காலை ஒடித்துவிட்டிருக்கிறான். அடியிலிருந்த ஒரு வரியைப் படித்திருந்தால் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே தெரிந்திருக்கும். அவள் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கையெழுத்துப் போட முடியாது என்று உள்ளுக்குள் பயம் இருந்தது.

கையில் டிஸ்க்கோடு நிர்வாக அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள். பிஸ்மார்க்கும் அங்கேயே இருந்தான். மறுநாள் காசோலை, அதற்காக வந்திருந்தான்.

"இது பழசை விட மெதுவான டிஸ்க்," என்று மேஜையில் வைத்தாள். "எனக்கு மட்டும் தெரியாதுன்னு நெனச்சீங்களா, இல்ல தெரிஞ்சாலும் வாயத் தொறக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?"

"ராணி, கோவப்படாதீங்க," என்றான் பிஸ்மார்க். "ஆறு கிகாபிட் கேட்டீங்க, குடுத்திருக்கேன். தட்டு எவ்வளவு சுத்தணும்னு காகிதத்துல எங்க இருக்கு? காட்டுங்க, நானே திருப்பி எடுத்துக்கறேன்."

"இருக்காது. நான் எழுதுனதத்தான் அழிச்சுட்டீங்களே!"

ஒலசாபல் எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு. கையெழுத்து யாரோடது? உன்னோடது. நல்லா வேலை செய்யுதுன்னு எழுதிக் குடுத்தது யாரு? நீ. மேடைல சுத்தியலப் பிடிச்சது யாரு? இப்ப போய் சரியில்லைன்னா மொதல்ல மாட்டறது நீதான். உன் ஒப்பந்தம் இந்த மேஜைலதான் இருக்கு. ஒரு வருஷம். போய் வேலையப் பாரு."

அந்தாள் சொன்னது அத்தனையும் உண்மை என்பதுதான் மரிலூவை அதிகமாகச் சுட்டது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

வெளியே வந்தாள். முதலில் அவசரப் பிரிவுக்குப் போன் போட்டாள். "அங்க படம் மெஷின்லயே பாத்துக்கறீங்கல்ல? சரி, அப்படியே பாருங்க. அரைமணி நேரம் சர்வர் பக்கம் வராதீங்க." அடுத்து, ஆஸ்பத்திரியில் எத்தனை ஜன்னல் உண்டோ, எத்தனை அறை உண்டோ, எல்லா இணைப்பையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். நாலாம் ஜன்னலின் வட்டம்கூட நின்றது. ஓர்ஃபெலிந்தா அலறிக்கொண்டு வந்தாள்.

"என்னடி பண்றே? வரிசை என்னைக் கொன்னுடும்!"

"எல்லாருக்கும் ஒரே ஊசி ஓடறதுனாலதான் ஒருத்தருக்கும் வர மாட்டேங்குது. அரைமணி நேரம் அசுன்சியோனுக்கு மட்டும் ஓடட்டும். வரிசைகிட்ட உண்மையச் சொல்லு."

"எந்த உண்மைய?"

"நான் கையெழுத்துப் போட்ட டிஸ்க்குன்னு சொல்லு."

தன் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவந்து சர்வரோடு இணைத்தாள். அதில் இருந்தது சுற்றாத டிஸ்க், அவளே தனக்காக வாங்கிப் போட்டது. இரண்டு ஸ்கேன், ஆயிரத்து நானூறு படம். சர்வரின் அருகே காதை வைத்தால் ஊசி உள்ளே கடகடவென்று தேடும் சத்தம் கேட்டது. ஆறு கிகாபிட் கம்பி சும்மா கிடந்தது. பத்து நிமிஷத்தில் பாதி வந்தது, பதினைந்தில் முக்கால். மரிலூ நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு நாற்பதுக்கு முடிந்ததும் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

டாக்டர் புர்கா கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் சொயிலாவும் அசுன்சியோனும் நின்றிருந்தார்கள். போகச் சொல்லியும் போகவில்லை.

"டாக்டரம்மா, ரெண்டே நிமிஷம். இதைப் பாத்துட்டுப் போங்க."

திறந்ததும் இரண்டு நெஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. டாக்டர் விரலை நகர்த்த நகர்த்தப் படங்கள் தடையில்லாமல் ஓடின. அவர் முகம் மாறியது. பையைக் கீழே வைத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, அளவெடுத்து, மறுபடி அளவெடுத்தார்.

"வளந்திருக்கு," என்றார். "போன வருஷத்தை விட ரெண்டு பங்கு. ஆனா இன்னும் வெளிய பரவல. இப்பவே எடுத்துட்டா பொழைச்சுக்குவாரு. ரெண்டு மாசம் போயிருந்தா நான் உறுதி சொல்ல மாட்டேன்." பட்டியலில் பெயரை எழுதினார். அதற்குள் ஒலசாபலும் பிஸ்மார்க்கும் மூச்சிரைக்க மாடியேறி வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி முழுக்கக் கணினி நின்றுபோன செய்தி அவர்களுக்கு எட்டியிருந்தது. பின்னாலேயே வரிசையில் நின்ற பாதிப் பேரும் வந்திருந்தார்கள்.

டாக்டர் மரிலூவைக் கேட்டார்: "இந்தச் சின்னப் பெட்டில இப்படி ஓடுது. அவ்வளவு பெரிய சர்வர்ல ஏன் ஓடல? புதுசுன்னு சொன்னீங்களே."

"இதுல சுத்தற தட்டு இல்ல டாக்டரம்மா. நான் கேட்டது இந்த மாதிரிதான். வந்தது வேற." மரிலூ ஒலசாபலைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒரு சாப்பாட்டுக் கடைல சமையக்காரர் ஒரே ஆளு. கூட்டம் முட்டுது. மொதலாளி என்ன பண்ணாரு, சமையலறைக் கதவ ரெண்டு மடங்கு அகலமாக்கிட்டாரு. சமையக்காரரையும் மாத்தி அவரை விட மெதுவான ஆளப் போட்டுட்டாரு. அப்புறம் கதவுக்கு ரிப்பன் கட்டித் திறப்பு விழா வெச்சாரு. இதுதான் நடந்துச்சு. சுத்தற டிஸ்க்குக்கு எவ்வளவு வேகமான கம்பி போட்டாலும், தட்டு குடுக்கறதத்தான் கம்பி கொண்டுவரும்."

"இந்தம்மாதான் நல்லா வேலை செய்யுதுன்னு கையெழுத்து போட்டாங்க!" என்று கத்தினார் ஒலசாபல். "விழால புட்டி ஒடச்சதும் இவங்கதான்! கேளுங்க!"

"ஆமா, நான்தான்," என்றாள் மரிலூ. "வரிய மாத்தினது தெரிஞ்சே போட்டேன். ஒரு வருஷம் வேலைன்னு சொன்னாங்க, ஞானத்தாய்ன்னு சொன்னாங்க. மேடையக் காட்டினதும் மயங்கிட்டேன். என் கைப் படத்த வெச்சே ஊரை ஏமாத்தினாங்க, நான் பாத்துட்டு சோறு தின்னேன். அந்தக் கையெழுத்த இப்ப வாபஸ் வாங்கறேன். டைரக்டருக்கும், லிமாவுல தணிக்கைத் துறைக்கும் இன்னைக்கே எழுதிக் குடுக்கறேன். என்னையும் சேத்து விசாரிக்கட்டும்."

பிஸ்மார்க் மெல்லப் படியிறங்கப் பார்த்தான். வரிசை வழிவிடவில்லை.

டாக்டர் புர்கா பையை எடுத்தார். "நீ எழுதற கடிதத்துல என் பேரையும் போடு. பதினொன்றரைக்குக் கேட்ட ஸ்கேன், சர்வர் வழியா பன்னிரண்டு மணி ஆகியும் வரலைன்னு நானும் கையெழுத்து போடறேன்." ஒலசாபலை ஏறெடுத்தும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்தது. சிலர் மரிலூவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் அவளை மகராசி என்றார். அவளுக்கு அழுகை வந்தது. சொயிலாவின் பக்கம் திரும்பினாள். ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தாள் என்றே சொல்ல வேண்டும்.

சொயிலாவின் முகம் இளகவில்லை. புருஷனின் பெயர் எழுதிய சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நன்றி சொல்லுவேன்னு பாக்குறியா? சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி மொத்தத்தையும் நிறுத்தி வெச்சுட்டு என் ஆளு ஒருத்தனுக்கு வழி பண்ணே. கீழ நிக்கறவங்களுக்கு யாரு நிறுத்துவா? போன மாசம் வந்து, படம் வரலைன்னு திரும்பிப் போனவங்க எத்தன பேரு? அவங்க பேரு உனக்குத் தெரியுமா?"

மரிலூ தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாதும்மா."

"அந்தத் திருடனுங்க மேல எனக்கு இவ்வளவு ஆத்திரம் இல்ல. அவன் திருட வந்தவன், திருடினான். தட்டு எது, கம்பி எதுன்னு வரிசைல நின்னவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. உனக்குத் தெரியும். இந்தக் கட்டடத்துலயே உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரியாம கையெழுத்துப் போட்டா அது தப்பு, மன்னிச்சுறலாம். தெரிஞ்சவ வாய மூடிக்கிட்டு கையெழுத்துப் போட்டா, அவன் வாங்குன காசுல பாதி நீ வாங்குன மாதிரிதான். போ, போய் அந்தக் கடிதாசிய எழுது. எழுதி முடிக்கிற வரைக்கும் நான் இங்கயேதான் நிப்பேன்."